1994 சிவிக் ஹேட்ச்பேக்குக்கு எந்த இன்ஜின்? ஓர் இன்ஜின் ஸ்வாப் நிகழ்வு ஆய்வு

இங்கே எடுத்துக்கொள்ளும் கார் 1994 மாடல் ஹோண்டா சிவிக் டிஎக்ஸ். மூன்று கதவு ஹேட்ச்பேக், ஐந்து கியர் மேனுவல், ஆர்வலர்கள் இஜி என்று அழைக்கும் தலைமுறை. எடை சுமார் ஒரு டன். பானட்டுக்குக் கீழே இருப்பது டி15பி7 இன்ஜின்: 1493 சிசி, 5900 ஆர்பிஎம்மில் 102 குதிரைத்திறன், 5000 ஆர்பிஎம்மில் 133 நியூட்டன் மீட்டர் டார்க். ஓடும் இடம் கலிஃபோர்னியா. தினமும் போக 45, வர 45 கிலோமீட்டர். பாதி ஃப்ரீவே, பாதி நெரிசல். ஏசி கட்டாயம் வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புகைச் சோதனையில் தேறவும் வேண்டும்.

கம்ப்ரஷன் பார்த்தால் மூன்று சிலிண்டர்களில் முள் 1170 கிலோபாஸ்கல் பக்கம் நிற்கிறது. நான்காவதில் 880ஐத் தாண்டவில்லை. குறைந்தது 930 இருக்க வேண்டும், சிலிண்டருக்குச் சிலிண்டர் 200க்கு மேல் வித்தியாசம் கூடாது என்பது ஹோண்டா தரும் அளவு. இரண்டிலும் இந்த இன்ஜின் தோற்கிறது. அந்தச் சிலிண்டரின் பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால் முள் ஏறுகிறது. ஆகவே வால்வில் குறை இல்லை, ரிங் தேய்ந்துவிட்டது. பிளாக்கை போரிங் செய்து, பிஸ்டனும் ரிங்கும் போட்டுக் கட்டினால் பழைய 102 குதிரைத்திறன் திரும்பி வரும். ஏறத்தாழ அதே உழைப்பில் வேறு இன்ஜினே இறக்கலாம்; இன்ஜின் ஸ்வாப் என்பது இதுதான். எதை இறக்குவது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் குதிரைத்திறன் எண்ணிலிருந்தே தொடங்குகிறார்கள். தெருவில் ஓடும் காருக்கு அது தவறான தொடக்கம். பவர் எந்த ஆர்பிஎம்மில் கிடைக்கிறது, கூட வரும் கியர்பாக்ஸின் விகிதம் என்ன, இன்ஜின் எந்த ஆண்டு மாடல் என்ற மூன்றையும் முதலில் கேட்டால் பட்டியல் தானே சுருங்கிவிடும்.

வரிசையில் நிற்பவை

மிக எளியது டி16இசட்6. இதே ஆண்டுகளின் சிவிக் இஎக்ஸ், எஸ்ஐ மாடல்களில் வந்த 1590 சிசி சிங்கிள் கேம் விடெக் (ஆர்பிஎம் ஏறியதும் வால்வு திறப்பை மாற்றும் ஹோண்டா அமைப்பு). 6600 ஆர்பிஎம்மில் 125 குதிரைத்திறன், 144 நியூட்டன் மீட்டர். டி15பி7 போல இதுவும் ஹோண்டாவின் டி வரிசை இன்ஜின் என்பதால் மவுண்ட், கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாம் இருப்பதே போதும். விடெக் சாலினாய்டுக்கு ஒரு வயரை இசியூவின் (இன்ஜின் கணினி) ஏ4 பின்னுக்கும், ஆயில் பிரஷர் சுவிட்சுக்கு ஒரு வயரை டி6 பின்னுக்கும் இழுத்து, அந்த மாடலின் இசியூவை மாட்டினால் முடிந்தது. கையில் பணம் குறைவு, கார் ஒரு வார இறுதிக்கு மேல் நிற்கக் கூடாது என்றால் இதையே போடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கூடுதலாகக் கிடைக்கும் டார்க் 11 நியூட்டன் மீட்டர்தான். ஏசி போட்டு மேட்டில் ஏறும்போது இருந்த குறை அப்படியே இருக்கும்.

அடுத்தது பி வரிசை. இங்கே மூன்று முகங்கள். சிவிக்கின் இரண்டு சீட் உறவான டெல் சோல் விடெக் காரில் வந்த பி16ஏ3: 1595 சிசி, 160 குதிரைத்திறன், 150 நியூட்டன் மீட்டர், அதுவும் 7000 ஆர்பிஎம்மில். ஹோண்டாவின் இன்னொரு காரான இன்டெக்ராவின் ஜிஎஸ்ஆர் மாடலில் வந்த பி18சி1: 1797 சிசி, 7600 ஆர்பிஎம்மில் 170 குதிரைத்திறன், 6200இல் 174 நியூட்டன் மீட்டர். இன்டெக்ரா ஆர்எஸ், எல்எஸ் மாடல்களில் வந்த பி18பி1: விடெக் இல்லாத ட்வின் கேம், 1834 சிசி, 6300இல் 142 குதிரைத்திறன், 5200இல் 172 நியூட்டன் மீட்டர். ஆர்வலர்கள் வாயில் இது வெறும் "எல்எஸ்".

ஜிஎஸ்ஆருக்கும் எல்எஸ்ஸுக்கும் உச்ச டார்க்கில் வித்தியாசம் இரண்டே நியூட்டன் மீட்டர். குதிரைத்திறனில் 28 வித்தியாசம் வருவதற்குக் காரணம், ஜிஎஸ்ஆர் அதே டார்க்கை இன்னும் மேலே, 8000 வரை, கொண்டுபோகிறது. விடெக் மாறுவதே 4400இல்தான். டிராக்கில் அந்த மேல்பாதி பொன். அலுவலகம் போகும் வழியில் 6000ஐத் தொடும் தருணங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்எஸ்ஸின் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 89 மி.மீ., ஜிஎஸ்ஆருடையது 87.2, பி16இனுடையது 77.4. நீண்ட ஸ்ட்ரோக், அடக்கமான கேம்: நாம் உண்மையில் ஓட்டும் 2000 முதல் 5000 வரையிலான பகுதியில் எல்எஸ் சளைப்பதில்லை.

எச்22ஏ பக்கம் போக ஆசை வரும். பிரெலூட் விடெக்கின் 2157 சிசி, 190 குதிரைத்திறன், 214 நியூட்டன் மீட்டர். ஹோண்டா இதை இஜி உடலில் ஒருபோதும் வைத்ததில்லை. தனியே மவுண்ட் கிட் வாங்க வேண்டும், உயரம் இடிக்கும், மூக்குப் பக்கம் எடை ஏறி ஸ்டியரிங் மந்தமாகும். சிலிண்டர் சுவரும் நார் கலந்த உலோகம். தேய்ந்தால் சாதாரண போரிங், சாதாரண பிஸ்டன் அதற்கு ஆகாது. பழைய எச்22 ஆயில் குடிப்பதும் டைமிங் பெல்ட் ஆட்டோ டென்ஷனர் கசிவதும் ஊரறிந்தவை. தினசரி காருக்கு வேண்டாம்.

கே20, கே24 இரண்டும் இன்றைய அளவில் மிகச் சிறந்த இன்ஜின்கள். டைமிங் செயின், 2 முதல் 2.4 லிட்டர் கொள்ளளவு, உதிரிபாகம் தாராளம். ஆனால் இஜி உடலுக்கு இவை தலைகீழ்: இன்ஜின் சுழலும் திசை வேறு, கியர்பாக்ஸ் உட்காரும் பக்கம் வேறு, எக்ஸாஸ்ட் முன்பக்கம் இல்லாமல் பின்சுவர் பக்கம். மவுண்ட், ஹெடர், ஆக்சில், கியர் கேபிள், வயரிங் மாற்றி, ஏசி குழாய் என ஒவ்வொன்றும் தனிச் செலவு. இன்ஜினைவிட அதைச் சுற்றிய பொருட்களுக்கே அதிகம் போகும்.

கியர்பாக்ஸ் சொல்லும் கணக்கு

டி வரிசை கியர்பாக்ஸ் பி வரிசை இன்ஜினில் பொருந்தாது; பெல் ஹவுசிங் வேறு. எனவே இன்ஜினோடு கியர்பாக்ஸும் மாறும். அப்போது ஐந்தாம் கியர் விகிதத்தை ஃபைனல் டிரைவால் (கியர்பாக்ஸின் கடைசிக் குறைப்பு விகிதம்) பெருக்கிப் பார்க்க வேண்டும். எல்எஸ் பெட்டியில் 0.714 பெருக்கல் 4.266, அதாவது 3.05. ஜிஎஸ்ஆரில் 0.787 பெருக்கல் 4.400, அதாவது 3.46. பி16 பெட்டியில் 0.848 பெருக்கல் 4.400, அதாவது 3.73.

195/60 ஆர்14 டயரின் சுற்றளவு சுமார் 1.85 மீட்டர். மணிக்கு 110 கிலோமீட்டரில் சக்கரம் நிமிடத்துக்கு 990 சுற்று சுற்றும். அந்த வேகத்தில் எல்எஸ் பெட்டியோடு இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் ஓடும், ஜிஎஸ்ஆரோடு 3430, பி16 பெட்டியோடு 3700. சத்தத் தடுப்பு மெலிந்த ஒரு ஹேட்ச்பேக்கில் தினமும் அரைமணி நேரம் ஃப்ரீவேயில் 3700இல் உட்கார்ந்திருப்பது என்ன என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். நெருக்கமான கியர் வேண்டும் என்று எல்எஸ் இன்ஜினுக்கு ஜிஎஸ்ஆர் பெட்டி தேடுபவர்கள் உண்டு. இந்தக் காருக்கு அந்த யோசனை எதிர்த்திசையில் போவது.

ஆண்டு ஏன் இன்ஜினைவிட முக்கியம்

கலிஃபோர்னியாவில் இன்ஜின் மாற்றினால், புதிய இன்ஜின் காரின் ஆண்டோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். கார் இன்ஜின் காருக்குத்தான். லாரி வகை இன்ஜின் கூடாது. டோனர் காரில் (இன்ஜின் எடுக்கப்படும் கார்) அந்த இன்ஜினோடு வந்த புகைக்கட்டுப்பாட்டுச் சாதனங்கள் அத்தனையும் மாறாமல் கூடவே வர வேண்டும். வேலை முடிந்ததும், இன்ஜின் மாற்றிய கார்களைச் சோதிக்கும் மாநில ரெஃபரியிடம் காரைக் காட்டி, அவர் ஒட்டும் அடையாள லேபிளைப் பெற வேண்டும்.

இந்த ஒரு விதி பல கதவுகளை அடைக்கிறது. 1990-93 இன்டெக்ரா இன்ஜின்கள் 1994 காருக்கு ஆகாது (அந்த ஆண்டுகளின் கியர்பாக்ஸ் கேபிள் கிளட்ச் என்பதால், ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள இஜிக்கு எப்படியும் தொல்லைதான்). 1996உம் அதற்குப் பிந்தியவையும் சட்டப்படி ஆகும்; ஆனால் அவை ஓபிடி-2, அதாவது கார் தன் புகைக்கட்டுப்பாட்டைத் தானே கண்காணிக்கும் அமைப்பின் இரண்டாம் தலைமுறைக் காலத்தவை. அந்தக் கண்காணிப்பு அமைப்பு முழுவதையும், கூடுதல் ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் ஆவி அமைப்பு உட்பட, ஓபிடி-1 காரான இதில் நட வேண்டிவரும். ஜப்பானிலிருந்து இறக்குமதியாகும் இன்ஜின் என்றால், அது அமெரிக்காவில் சான்று பெற்ற இன்ஜினுக்கு நிகரானது என்று காட்ட வேண்டும். பிளாக்கில் கியர்பாக்ஸ் சேரும் இடத்துக்கு அருகே பொறித்திருப்பதைப் பாருங்கள்: அமெரிக்க இன்ஜினில் பி18பி1 என்று கடைசி எண்ணும் இருக்கும், ஜப்பான் சந்தையுடையதில் பி18பி என்பதோடு நின்றுவிடும்.

மிஞ்சுவது 1994, 1995 ஆண்டுகளின் இன்டெக்ரா. அவை ஓபிடி-1. இசியூ பிளக்குகளும் 1992-95 சிவிக்கின் பிளக்குகளும் ஒன்றே. இன்டெக்ரா எல்எஸ்ஸின் இசியூவை இந்த சிவிக்கின் காலடிப் பலகைக்குப் பின்னால் நேரடியாகச் சொருகலாம். முடிவு: 1994 அல்லது 1995 இன்டெக்ரா எல்எஸ் இன்ஜின், அதன் சொந்த மேனுவல் கியர்பாக்ஸோடு. ஜிஎஸ்ஆர் இரண்டாம் இடம். விடெக்கின் ஏ4, டி6 வயர்களோடு நாக் சென்சாருக்கு டி3, இன்டேக் பட்டாம்பூச்சி வால்வுக்கு ஏ17 என இன்னும் இரண்டு வயர் இழுக்கும் பொறுமையும், கூடுதல் விலையும் இருந்தால் அதுவும் நல்ல முடிவே.

இந்திய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 1998இல் அங்கே வந்த முதல் ஹோண்டா சிட்டியும் டி வரிசை இன்ஜின் கார்தான் என்பதால் இதே ஆசை அங்கும் உண்டு. ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. இன்ஜின் மாற்ற ஆர்டிஓ அனுமதி முதலில், ஸ்பேனர் பிறகு.

எதை வாங்குவது

இன்ஜினை மட்டும் வாங்காதீர்கள். பின்னால் அடிபட்ட முழு இன்டெக்ரா கிடைத்தால் அதுதான் கணக்குக்கு நல்லது. இன்ஜின், கியர்பாக்ஸ், இரண்டு ஆக்சில், இன்டர்மீடியட் ஷாஃப்ட், கியர் லிங்கேஜ், பின்பக்க ஆங்கில T வடிவ பிராக்கெட், ஏசி கம்ப்ரசரும் அதன் பிராக்கெட்டும், ஆல்டர்னேட்டர், இசியூ, த்ராட்டில் கேபிள், கேட்டலிடிக் கன்வெர்ட்டர், முன் சக்கர நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) பிரேக் என எல்லாம் ஒரே இடத்தில் வரும். துண்டு துண்டாகத் தேடினால் கடைசியில் ஒரு பிராக்கெட்டுக்காகக் கார் மூன்று வாரம் ஸ்டாண்டில் நிற்கும்.

இசியூ எண்ணைக் கவனியுங்கள். எல்எஸ்ஸுக்கு உரியது பி75. அதன்பின் வரும் எழுத்தை அடுத்த இலக்கம் 0 என்றால் மேனுவல், 5 என்றால் ஆட்டோமேட்டிக். ஆட்டோமேட்டிக் இசியூவை மேனுவல் காரில் போட்டால் இல்லாத லாக்-அப் சாலினாய்டைத் தேடி எச்சரிக்கை விளக்கு எரியும். பழைய 1.5 இன்ஜினின் இசியூவை விட்டுவைத்தாலும் இன்ஜின் ஓடத்தான் செய்யும். ஆனால் அந்தக் கலவைக் கணக்கு வேறு இன்ஜினுக்கு எழுதியது, புகைச் சோதனையில் அது வெளிவரும்.

மவுண்டில் ஒரு பொறி இருக்கிறது. டைமிங் பெல்ட் பக்க இன்ஜின் பிராக்கெட்டில் இரண்டு ஸ்டட் வகையும் மூன்று ஸ்டட் வகையும் உண்டு. கியர்பாக்ஸ் மவுண்டிலும் இரண்டு போல்ட், மூன்று போல்ட் வேறுபாடு உண்டு. 1992-93 உடலும் 1994-95 உடலும் ஒன்றில்லை. வாங்கும் முன் உங்கள் காரில் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஐயம் வரும் எல்லா இடத்திலும் டெல் சோல் விடெக்கை அளவுகோலாக வையுங்கள்: இஜி உடலில் பி வரிசை இன்ஜினை ஹோண்டாவே வைத்து விற்ற கார் அது. ரேடியேட்டர், ஏசி குழாய், மவுண்ட் ஆகியவற்றில் இன்டெக்ராவுடையது இடித்தால் அந்தக் காரின் பாகம் சரியாக உட்காரும்.

ரப்பர் மவுண்ட் புதிதாக, ஒரிஜினல் கடினத்தில் போடுங்கள். கெட்டியான பாலியூரித்தேன் மவுண்ட் போட்டால் ஐடிலில் டாஷ்போர்டும் கண்ணாடியும் நடுங்கும்.

தரையில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

இன்ஜின் ஸ்டாண்டில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்தில் ஆகும் வேலை, காருக்குள் போனபின் ஒரு நாள் ஆகும். முன், பின் கிராங்க் சீல், கேம் சீல்கள், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், வால்வ் கவர் கேஸ்கெட், டிஸ்ட்ரிபியூட்டர் ஓ-ரிங், தெர்மோஸ்டாட். கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்த்து. ஃப்ளைவீல் போல்ட் 103 நியூட்டன் மீட்டர், பிரஷர் பிளேட் போல்ட் 26. குறுக்கு நெடுக்காகச் சிறிது சிறிதாக.

டைமிங் பெல்ட்டில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். கிராங்க் புல்லியில் தனியாக நிற்கும் வெள்ளைக் கோடு டிடிசி, அதாவது முதல் பிஸ்டன் உச்சத்தில் நிற்கும் நிலை. அருகே மூன்று கோடுகளாக இருக்கும் கூட்டத்தின் நடுவில் உள்ள சிவப்பு, இக்னிஷன் டைமிங்குக்கு உரியது. பழைய புல்லியில் வண்ணம் போய்விட்டிருக்கும். சிவப்புக் கோட்டை டிடிசி என்று எடுத்து பெல்ட் மாட்டினால் கேம் ஒரு பல் தள்ளி உட்காரும். ஐடில் கரடுமுரடாகும், கீழ் ஆர்பிஎம்மில் உயிர் இருக்காது. பிளக்கைக் கழற்றி, முதல் சிலிண்டரில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் வைத்துப் பிஸ்டன் உண்மையில் மேலே வந்ததா என்று பாருங்கள்.

இந்த இன்ஜின் சுழல்வது கடிகாரத்துக்கு எதிர்த்திசை. பெல்ட் மாட்டியபின் அந்தத் திசையில் மட்டும் கிராங்கை ஐந்தாறு சுற்று சுற்றி பெல்ட் அமரவிட வேண்டும். மறுபடி டிடிசிக்கு வந்து, டென்ஷனர் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தி, கேம் புல்லியில் மூன்று பல் நகரும் அளவு அதே கடிகார எதிர்த்திசையில் சுற்றி, 54 நியூட்டன் மீட்டரில் இறுக்க வேண்டும். கிராங்க் போல்ட்டுக்கு 177. பெல்ட் அறுந்தாலோ பல் தாவினாலோ வால்வும் பிஸ்டனும் மோதும் வகை இன்ஜின் இது.

வால்வ் கிளியரன்ஸ் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது: இன்டேக் 0.08 முதல் 0.12 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.16 முதல் 0.20. சத்தம் வருகிறது என்று இன்னும் இறுக்குபவர்கள் எக்ஸாஸ்ட் வால்வை எரிக்கிறார்கள். மெல்லிய டிக்டிக் சத்தம் இந்த இன்ஜினின் இயல்பு.

இன்ஜெக்டரை ஓம் மீட்டரில் பாருங்கள். 10 முதல் 13 ஓம் காட்டினால் சரி. 2 ஓம் பக்கம் காட்டினால் யாரோ பழைய மாடல் இன்ஜெக்டரை மாட்டியிருக்கிறார்கள். ரெசிஸ்டர் பெட்டி இல்லாமல் இணைத்தால் இசியூவின் டிரைவர் எரியும்.

உள்ளே இறக்குதல்

பழையதைக் கழற்றும் முன் ஏசி கேஸை மெஷினில் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். காற்றில் விடுவது குற்றம். பெட்ரோல் பிரஷரை ஃபில்டர் போல்ட்டில் தளர்த்தி இறக்குங்கள். கழற்றும் ஒவ்வொரு வயருக்கும் டேப்பில் பெயர்.

சிவிக்கின் இன்ஜின் ஹார்னஸையே வைத்துக்கொள்வது நல்லது. உடல் பக்கப் பிளக்குகளோடு அது ஏற்கெனவே பொருந்துகிறது. ஆல்டர்னேட்டர், சில சென்சார்களுக்கு மட்டும் வயர் நீளம் போதாமல் வரும். அங்கே அதே தடிமன் வயரை ஈயம் வைத்து ஒட்டி, ஹீட் ஷ்ரிங்க் போட்டு நீட்டுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஆறு மாதத்தில் பச்சை பூக்கும், காரணம் தெரியாத கோளாறு தொடங்கும்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்த நிலையில் இறக்கி, எல்லா மவுண்ட் போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் ஏற்றுங்கள். ஹாய்ஸ்ட் எடையை மெதுவாக விட்டு, இன்ஜின் தானே சமநிலைக்கு வந்தபின் இறுக்குங்கள். ஒரு மவுண்ட்டை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததைப் பாரால் நெம்பிப் பொருத்தினால், ரப்பர் முறுக்கிலேயே நிற்கும். ஐடிலில் வரும் அதிர்வுக்கும், கியர் ஒன்றில் போட்டு எடுக்கும்போது கேட்கும் "டொக்" சத்தத்துக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆக்சிலை உள்ளே தள்ளும்போது கிளிப் விழும் "க்ளிக்" கேட்க வேண்டும், கையால் இழுத்தால் வரக் கூடாது. பாதி உட்கார்ந்த ஆக்சில் முதல் வளைவில் ஆயிலைக் கொட்டும். கியர்பாக்ஸ் ஆயில் 2.2 லிட்டர், ஹோண்டாவின் மேனுவல் கியர்பாக்ஸ் ஆயில். தடித்த 90ஆம் நம்பர் கியர் ஆயில் ஊற்றினால் காலையில் இரண்டாம் கியர் மல்லுக்கட்டும். சிங்க்ரோ போய்விட்டது என்று பெட்டியைப் பிரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்டார்ட் ஆகாதபோது

செல்ஃப் அடிக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. அல்லது பிடித்து, சென்சார்கள் எல்லாம் பைத்தியம் போலக் காட்டுகின்றன. முதலில் பார்க்க வேண்டியது தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் ஒரு சிறு போல்ட்டில் உட்காரும் எர்த் வயர். இசியூவின் எர்த் அந்த ஒரே இடத்தில்தான் இறங்குகிறது. பெயின்ட் அடித்து அழகாக்கிய ஹவுசிங்கில் அந்த முனையை மாட்டினால் தொடர்பே இருக்காது. பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் தெரிய வைத்து மாட்டுங்கள். அடுத்து கியர்பாக்ஸிலிருந்து உடலுக்கும், வால்வ் கவரிலிருந்து உடலுக்கும் போகும் எர்த் பட்டைகள்.

சூடான கார் நின்று, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆக மறுத்தால் ஸ்வாப்பைக் குறை சொல்வதற்கு முன் மெயின் ரிலேயைப் பாருங்கள். இந்த வயது ஹோண்டாக்களில் அதன் ஈயப் பற்றுகள் வெப்பத்தில் விரிசல் விடும். பெட்டியைத் திறந்து மறுபடி ஈயம் வைத்தால் போதும்.

இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பயணி பக்கக் காலடியில் உள்ள இரண்டு பின் சர்வீஸ் கனெக்டரை ஒரு வயரால் இணைத்து, சிமிட்டலை எண்ணுங்கள். நீண்ட சிமிட்டல் பத்து, குட்டை ஒன்று. 4, 8, 9 டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சென்சார்கள், 3 மேப் சென்சார் (இன்டேக் காற்றழுத்தத்தை அளப்பது), 7 த்ராட்டில், 14 ஐடில் வால்வு, 41 ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர். அதே கனெக்டர் இணைந்த நிலையில், இன்ஜின் சூடாகி ஐடில் 750இல் நிற்கும்போது டைமிங் லைட்டை அடியுங்கள். சிவப்புக் கோட்டில் 16 டிகிரி, கூடக் குறைய 2. கனெக்டரை இணைக்காமல் டைமிங் வைத்தால் இசியூ அதைத் தானே நகர்த்திக்கொண்டிருக்கும். நீங்கள் வைக்கும் எண்ணுக்குப் பொருள் இருக்காது.

கூலண்ட் ஊற்றும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் பக்கத்தில் உள்ள காற்று வெளியேற்றும் போல்ட்டைத் திறந்து, குமிழி இல்லாமல் நீர் வரும்வரை விடுங்கள். டிஎக்ஸ்ஸின் பாதி அகல ரேடியேட்டர் குளிர்ந்த ஊரில் தாங்கும். ஏசியோடு நெரிசலில் நிற்கும் இந்தக் காருக்கு டெல் சோல் விடெக்கின் ரேடியேட்டரே போட வேண்டும்.

பிரேக், பிறகு ரெஃபரி

40 குதிரைத்திறன் கூடிய காருக்கு பழைய 240 மி.மீ. முன் டிஸ்க் போதாது. டோனர் இன்டெக்ராவின் முன் நக்கிளை 262 மி.மீ. டிஸ்க்கோடு அப்படியே மாற்றுங்கள். 13 அங்குல வீல் அதன்மேல் ஏறாது; 14 அங்குலம் வேண்டும். பின் டிரம்மையும் டிஸ்க்காக மாற்றுவதென்றால் மாஸ்டர் சிலிண்டர், பிரஷர் பங்கிடும் வால்வு இரண்டும் இன்டெக்ராவுடையதாக இருக்க வேண்டும். வால்வை மாற்றாவிட்டால் முன்பின் பங்கீடு தவறி, நனைந்த சாலையில் கார் திரும்பிக்கொள்ளும்.

எல்எஸ்ஸின் பிளாக்கில் வேறு விடெக் ஹெட்டை ஏற்றும் யோசனை இங்கே வருபவர்களுக்கு: இணைப்பு ராடின் நீளம் 137 மி.மீ., ஸ்ட்ரோக் 89, விகிதம் 1.54. பிஸ்டன் அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட்டும் இல்லை. ஒரிஜினல் ராட் போல்ட்டோடு 8000 வரை ஓட்டினால் ராட் பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். ரெஃபரியும் அந்தக் கலவையை ஏற்க மாட்டார்.

500 கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை இறக்கி (ஃபில்டரோடு 3.8 லிட்டர் பிடிக்கும்), மவுண்ட் போல்ட், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு நட், ஆக்சில் நட் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சில் மறுபடி தொட்டுப் பாருங்கள். ரெஃபரியிடம் போகும் முன், டோனர் காரின் பானட்டில் ஒட்டியிருந்த வாக்கூம் குழாய் வரைபடத்தைப் படமெடுத்து வைத்து, ஒவ்வொரு குழாயையும் அதோடு ஒப்பிடுங்கள். அவர் பார்ப்பதும் அந்த வரைபடத்தைத்தான். டோனர் காரின் ஆண்டைக் காட்டும் ரசீது, பிளாக் எண்ணின் படம் இரண்டும் கையில் இருக்கட்டும். டைனமோமீட்டரில் மணிக்கு 15, 25 மைல் வேகத்தில் அளப்பார்கள். நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் எகிறினால் முதலில் இக்னிஷன் டைமிங்கையும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் வயதையும் பாருங்கள். ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால் பிளக் வயரையும் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பையும். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் நன்றாகச் சூடேறிய நிலையில் காரை உள்ளே கொண்டுபோங்கள். வாசலில் இன்ஜினை அணைத்துவிட்டு வரிசையில் காத்திருக்காதீர்கள்.